அறுபது வாட்

மீன் லாரிகள் போனபிறகுதான்
எங்கள் தெருவுக்குக் காது கேட்கும்.
லூனன்பர்கில் நவம்பர். கடையில் நானும் ஹீட்டரும்.
ரோடா ஸ்விக்கர் வந்தாள்,
லஹாவ் ஆற்றுப் படகில் வண்டிகளுக்குக் கைகாட்டுபவள்,
ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றாமல்,
முதுகில் கிட்டாரோடு.

"மரம் மரமாகவே கேட்க வேண்டும்" என்றாள்.
எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.
பிறகு விளக்கு அதிகம் எரியும் பெட்டியை
வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

முதல் ஆம்ப் எலெக்ட்ரிக் கிட்டாருக்கென்றே பிறந்தது.
தகர டப்பாவில் கூழாங்கல் உருண்டது.
"என்னை யாரோ மிமிக்ரி செய்கிறார்கள்"
என்று கேபிளை அவளே பிடுங்கினாள்.

இரண்டாவது நல்லது. விலை அதைவிட நல்லது, எனக்கு.
ரிவெர்பைக் கொஞ்சம் திருகினேன்,
கடை தேவாலயம் ஆயிற்று.
அவள் போட்ட மூன்று கார்டுகளும்
சலவைக்குப் போய், இஸ்திரி மடிப்போடு திரும்பி வந்தன.
"தப்பாக வாசித்தாலும் அழகாகவே கேட்குமா?"
"கேட்கும்."
"அப்படியென்றால் வேண்டாம்."

எங்கே வாசிக்கிறாய் என்று
அப்போதுதான் கேட்கத் தோன்றியது. முதலில் கேட்டிருக்க வேண்டும்.
வெள்ளிக்கிழமைதோறும், வெல்டன் கார்க்கமின் மதுக்கடையில்.
அவள் ஸ்டூலுக்கு இரண்டடியில் பொரிகலன்.
ஹாடாக் மீன் கூடை எண்ணெயில் இறங்கும்போதெல்லாம்
ஒரு அடைமழை.
பதினொரு வருடமாக அந்த எண்ணெயோடு மல்லுக்கட்டு.
கட்டைவிரலைக் காட்டினாள்:
நகம் ஒருபக்கமாகத் தேய்ந்து
காற்றில் சாய்ந்த பாய்போல.
"நான் எழுதுவதெல்லாம் கோபப் பாட்டு என்று ஊரில் பேர்.
ஒன்றைக்கூடக் கோபத்தில் எழுதவில்லை."

மூன்றாவது, அலமாரிக்கு அடியில் கிடந்தது.
யாரோ திருப்பித் தந்தது. ஓரமெல்லாம் சிராய்ப்பு.
அறுபது வாட்.
செருகினேன். பழக்கதோஷத்தில் ஓங்கி அடித்தாள்.
சுவரில் தொங்கிய யுகுலேலேக்கள் அத்தனையும் முனகின.
அடுத்து ஃபீட்பேக்,
கிட்டாரின் வயிற்றில் ஒரு கடல்நாய் ஊளையிட்டது.
"தள்ளி உட்கார். பெட்டிக்கு முகம் காட்டாதே."
குமிழைத் திருகி
ஊளையிடும் அந்த ஒரு சுருதியை மட்டும் கிள்ளி எடுத்தேன்.

"இப்போது மெதுவாக."
வாசித்தாள்.
"இன்னும்."
"இதற்குமேல் மெதுவாக எனக்குத் தெரியாது."

மெய்தான், பார்க்கவே முடிந்தது.
ஏரியில் பனி தாங்குமா என்று
ஒரு காலை மட்டும் வைத்துப் பார்ப்பவர்போல
கம்பிக்கு மேலே நின்றது கை.
பிறகு இறங்கியது.
விரல் சறுக்கும் கீச்சு கேட்டது.
மேலங்கியின் ஜிப் கிட்டார் முதுகில் உரசியது கேட்டது.
பாட்டுக்கு முன்னால் அவள் மூச்சிழுப்பதும்.
"இதெல்லாம் எப்போதும் இருந்ததா?"
நான் எழுந்துபோய் ஹீட்டரை அணைத்தேன்.

ஊரே மேசையைத் தட்டிக்கொண்டு பாடும் பாட்டு அது.
நானும் தட்டியிருக்கிறேன், குவளை கவிழ்கிற அளவுக்கு.
எண்ணெய் இல்லாத இடத்தில்
அது மன்னிப்புக் கேட்கும் பாட்டாக இருந்தது.
யாரிடம் என்று நான் கேட்கவில்லை.
மேசை என்று என் முன்னால் இருந்தது கல்லா மட்டும்,
அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"எத்தனை கிலோ?"
"பத்து."
"படகுத்துறைச் சரிவு ஈரமாக இருக்கும்."
சக்கரம் வைத்த தள்ளுவண்டி இதோடு இலவசம்
என்று ஒரு பொய் சொன்னேன். வண்டி என்னுடையது.
பாதிப் பணம் கையில், மீதி ஜனவரியில்.

வெள்ளிக்கிழமை எனக்குச் சளி, போக முடியவில்லை.
சனிக்கிழமை மீன் வாங்கப் போனபோது
வெல்டன் என்மேல் பாய்ந்தான்:
"என்ன எழவைய்யா விற்றாய் அவளுக்கு?
நேற்று ஒருவரும் இரண்டாவது கூடை கேட்கவில்லை.
எண்ணெய் சும்மா காய்ந்துகொண்டிருந்தது."

தள்ளுவண்டி இன்னும் திரும்பி வரவில்லை.