வட்டி போக

பாஸ்டர் ஐயா சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.
"கிருபை இலவசம், வேதமாணிக்கம்."
காரைக்குடியில் இருபத்தாறு வருடம்
அடகுக்கடைத் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தவனிடம்
இலவசம் என்கிறார்.
இனாமாய் வந்த பொருளைத்தான்
முதலில் உரைகல்லில் தேய்ப்போம் நாங்கள்.

லெந்து நாட்களின் மூன்றாம் ஞாயிறு.
எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும் என்று
சபையோடு சொல்லிக்கொண்டே வந்த வாய்
கடன் என்ற இடத்தில் நின்றுவிட்டது.
மற்றவர்கள் சோதனை, தீமை, ஆமென் வரை போய்விட்டார்கள்.
நான் மட்டும் அந்தச் சொல்லில்,
செருப்பு அறுந்தவன் நடுத்தெருவில் நிற்பதுபோல்.

ஒரு ஜோடித் தோடு.
விற்க வந்தவள் அடைக்கி. புதுவயல். மில் கூலி.
கல்லுக்கும் அரக்குக்கும்
கழிவு ஒன்றரை கிராம் என்று எழுதினேன்.
கழிய வேண்டியது அரை.
சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.
"நீங்க வேதக்காரருதானே,
சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

பதினோரு வருடம்.
ஒரு கிராம், அன்றைய விலை இரண்டாயிரத்து எழுநூறு.
நூற்றுக்கு இரண்டு, மாத வட்டி,
ஏழாயிரத்து நூற்றிருபத்தெட்டு.
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.
கவரை ஒட்டும்போது
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது,
இந்தக் காலத்தில் யார் செய்வார்கள் என்று.
சலவை வேட்டி கட்டிக்கொண்டேன்.
பஸ்ஸில் ஜன்னலோரம்
சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன்,
குரல் தழுதழுக்க வேண்டிய இடம் உட்பட.

புதுவயலில் அவித்த நெல்லின் வாசம்.
மில் சுவருக்குப் பின்னால் வீடு.
உமிச்சாம்பல் பறந்து வந்து
நெற்றியில் ஒட்டியதைத் துடைத்தேன். மறுபடி ஒட்டியது.

"மீட்டர் பாக்கவா?" என்றாள்.
அவளுக்கு என்னைத் தெரியவில்லை.
பதினோரு வருடம் என் தூக்கத்தில் வந்தவளுக்கு
நான் யாரோ.
"நல்ல வேளை வந்தீக. இதக் கொஞ்சம் புடிங்க."

வெள்ளாடு. முன்னங்குளம்பின் இடுக்கில்
கருவேல முள், சீழ் வைத்திருந்தது.
நின்றபடி பிடிக்க முடியவில்லை.
மண்டியிட்டேன்.
ஆலயத்தில் முழங்காலுக்கு மெத்தை உண்டு.
இங்கே பிழுக்கையும் மூத்திரமும் ஊறிய செம்மண்.
ஆடு நெஞ்சில் உதைத்தது.
அந்த உதையில் ஒத்திகையெல்லாம் சிதறிப்போய்
ஒரே ஒரு சொல் மிஞ்சியது.
அதன் கழுத்து மயிருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு
சொன்னேன்:
திருடிட்டேன்.

அவள் முள்ளை எடுத்து முடித்தாள்.
மஞ்சள் அப்பினாள். ஆட்டை விரட்டினாள்.
பிறகுதான்
தோடு, கழிவு, சீட்டு, எல்லாம் கேட்டாள்.
எச்சில் தொட்டுப் பணத்தை எண்ணினாள்.
"ஒரு கிராமு அன்னைக்கு என்ன வெல?"
அந்த இரண்டாயிரத்து எழுநூறை இடுப்பில் செருகிக்கொண்டு
மிச்சத்தை என் சட்டைப் பையில் திணித்தாள்.
"வட்டி எதுக்கு?
கட்டிட்டா தீந்துபோயிரும்னு நெனச்சீகளா?"

மன்னித்தேன் என்று சொல்லவில்லை.
மன்னிக்கவில்லை என்றும்.
"கையக் கழுவுங்க" என்று செம்பைச் சாய்த்தாள்.
அப்புறம் நீச்சத்தண்ணி ஊற்றினாள், அதே கையில்.
குடித்தேன்.
எடை எவ்வளவு என்று பார்க்கத் தோன்றவில்லை.

திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரர்
மூக்கைப் பொத்திக்கொண்டு வேறிடம் போனார்.
சட்டைப் பையில்
எந்தப் பேரேட்டிலும் பதிய முடியாத
ஏழாயிரத்து நூற்றிருபத்தெட்டு.

அடுத்த ஞாயிறும் அந்தச் சொல் வந்தது.
நிற்கவில்லை. கொஞ்சம் தடுக்கியது.
அதே வேட்டியில்தான் போயிருந்தேன்,
முழங்காலில் செம்மண் கறை தெரிய.
அதிலும் கொஞ்சம் பெருமை இருந்ததா?
இருந்திருக்கும்.
கர்த்தாவே,
அதையும் இந்தக் கணக்கிலேயே
சேர்த்துக்கொள்ளும்.