ஏழாவது படம்

ஆறு படங்கள் வாட்ஸப்பில் வந்தன,
ஆற்றில் முங்கி எழுந்தவை போல.
எந்த போன், எந்த நாள், எத்தனை மணி,
ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.
வருகிற வழியிலேயே அலசிவிடுகிறார்கள்.

ஏழாவது மட்டும் மின்னஞ்சலில்.
வண்ணார்பேட்டை அலுவலகத்தில்
காப்பி ஆறிக்கொண்டிருக்க
படத்துக்குள் இருக்கும் படிவத்தைத் திறந்தேன்.
எடுத்த நாள்: 2010, ஜனவரி ஒன்று.
நேரம்: நள்ளிரவு கடந்து பதினொரு நிமிடம்.

படத்திலோ பட்டப்பகல்.
சிந்துபூந்துறையில் ஒரு ஜெராக்ஸ் கடை.
பாதி ஏறிய ஷட்டர்.
சுவரில் மார்பளவுக்குச் சேற்றுக்கோடு.
காகிதக் கட்டுகள் புளித்த மாவாய் உப்பி,
நடுவே குப்புறக் கிடக்கிற எந்திரம்.
2010இல் அந்தக் கடையே கிடையாது.

பழைய படம், மோசடி என்று
மேலாளர் சிவப்பில் சுழித்திருந்தார்.

நான் அந்தப் பதினொன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிழைக்கும் ஒரு பிறந்த ஊர் இருக்கும்.
நனைந்த போன். பேட்டரியைக் கழற்றி,
துடைத்து, ஊதி, காயவைத்து,
மறுபடி மாட்டியிருக்கிறார்கள்.
டவரெல்லாம் படுத்துவிட்ட மார்கழி.
மணி சொல்ல ஆளில்லாமல் அது
தனக்குத் தெரிந்த முதல் நாளிலிருந்து
எண்ணத் தொடங்கியிருக்கிறது.
உயிர் வந்து பதினோராம் நிமிடம்,
யாரையும் கூப்பிட வழியில்லாமல், இந்தப் படம்.
நாள் பொய். பதினொன்று மெய்.

இதை அறிக்கையில் எழுதிவிட்டு,
என் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் பூரித்து,
இன்னும் கீழே போனேன்.
போகாமல் இருந்திருக்கலாம்.

கோப்பின் அடியில் குட்டிப்படம் ஒன்று கிடக்கும்,
தீப்பெட்டிச் சீட்டை விடச் சிறிது.
பெரிய படத்தை வெட்டும்போது
சில போன்கள் அதை வெட்ட மறந்துவிடும்.
இதுவும் மறந்திருந்தது.

இடப்பக்கம் கூடுதலாக ஒரு விரல் அகலம்.
அங்கே மேசை. மேசை மேல் பெஞ்சு.
பெஞ்சின் மேல் இரண்டாவது எந்திரம்,
சாக்கு போர்த்தி, கயிறு கட்டி,
சேற்றுக்கோட்டுக்கு ஒரு சாண் மேலே.

விண்ணப்பத்தில்:
எந்திரங்கள் இரண்டு. இரண்டும் முழுச் சேதம்.

மறுநாள் ஆவுடைச்செல்வியின் கடையில் கூட்டம்.
ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக்,
நிவாரணத்துக்கு எல்லாவற்றுக்கும் நகல் வேண்டியிருந்தது.
பக்கம் ரெண்டு ரூபாய்.
மூடியின் இடுக்கில் பச்சை வெளிச்சம்
அவள் தாடை மேல் போய்ப் போய் வந்தது.
நான் யாரென்று சொன்னதும்
யாருடைய ஆதாரோ கண்ணாடியில் கிடக்க
அப்படியே நின்றாள்.

"இதத் தூக்கி வச்சது எத்தன பேரு?"
இதைக் கேட்கத்தான் போனேனா, தெரியவில்லை.

"நானும் எங்க மைனியும். ரெண்டே பேரு சார்.
அடுத்தத தூக்குததுக்குள்ள
இடுப்புக்கு வந்துட்டு தண்ணி."
பிறகு, தனக்குள் கணக்குப் பார்ப்பவள் போல,
"அத வெட்டிட்டுல்லா அனுப்புனேன்."

வரிசையில் பின்னால் ஒருவர் இருமினார்.

என் பையிலிருந்தது ஒரே ஒரு வெற்றுப் படிவம்.
நின்றபடியே நிரப்பினாள்.
எண்ணிக்கை என்ற இடத்தில் பேனா எழுதவில்லை;
உதறினாள், எழுதினாள்: ஒன்று.
தப்பித்த எந்திரத்திலேயே நகல் எடுத்தாள்,
எனக்கொன்று, மேலாளருக்கொன்று.
நாலு ரூபாய் நீட்டினேன்.
வேண்டாமென்று சொல்லவில்லை, வாங்கிக்கொண்டாள்.

கோப்புக்காக ஒரு படம் எடுத்தேன்.
நாள், மணி, இடம், எல்லாம் துல்லியம்.
வலது ஓரத்தில் மட்டும் அவள் கை விழுந்திருந்தது,
நாணயங்களை மூடிக்கொண்டு.

அலுவலகம் வந்து அந்த ஓரத்தை வெட்டினேன்.
அடியில் கிடக்கிறதா என்று
திறந்து பார்க்கவில்லை.