எடைமேடை

பர்கூர் எடைமேடைச் சாவடியில்
இரவுப் பணிக்கு உட்கார்ந்து
மேசைக்கடியில் காலை நீட்டியபோதுதான் பார்த்தேன்,
ஷூவின் அடிப்பள்ளத்தில்
ஒரு கறுப்பு மணல்.
நொய்யில் பாதி இருக்கும்.

பதினொரு வருஷ போனஸ், இரண்டு ஏலச்சீட்டு,
விற்றுவிட்ட ஒரு புல்லட்.
எரிமலைத் தீவுக்கா போறே,
இங்க இல்லாத வெயிலா என்றான் திம்மராயன்.
ஆமாம் என்றேன்.
அதற்கு மேல் சொல்ல அன்று எதுவும் தெரியவில்லை.

நடுக்கடலில் கிடந்தன தீவுகள்,
அடுப்பிலிருந்து இறக்கிவைத்து
மறந்துபோன களிச்சட்டிகள் மாதிரி.
ஒன்று ஆறிவிட்டது.
ஒன்றில் இன்னும் ஆவி.

ஏழு மணி நேரம் நடந்தோம்.
பிழிந்த முறுக்காகச் சுருண்டு கிடந்தது பாறை,
சில இடங்களில் கண்ணாடியாய் நொறுங்கிற்று.
"நான் பள்ளிக்கூடம் போகும்போது
இந்தப் பாறை பிறக்கவில்லை" என்றாள் வழிகாட்டி மார்த்தா.
எங்கள் ஊர்க் கல்லுக்கு வயது கேட்டாள்.
இருநூற்றைம்பது கோடி என்றேன்.
நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.
அதை என்ன செய்கிறீர்கள் என்றாள் அடுத்து.

நல்லவேளை, ஆமை ஒன்று வந்து
பாதையை அடைத்து நின்றது.
இருபது நிமிஷம்.
ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

கடற்கரை பெஞ்சு முழுக்க ஒரு கடல்சிங்கம்,
கடைசி பஸ்ஸை விட்டவன்போல் குறட்டை.
நாங்கள்தான் நின்றோம்.
கடலோணான்கள் குளித்தேறி
கறுப்புப் பாறையில் கறுப்பாய்ப் படுத்து
மூக்கால் உப்பைத் தும்மின.
நீலக்கால் பறவை
புதுச்செருப்பு வாங்கியவன்போல்
காலைத் தூக்கித் தூக்கி வைத்து
ஜோடியின் முன்னால் நடந்து காட்டியது.
எதுவும் ஓடவில்லை.
மனிதன் என்றால் யாரென்று
இன்னும் யாரும் அவற்றிடம் சொல்லவில்லை.

இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவேண்டும், சட்டம்.
அது தெரியாத குருவியொன்று
என் ஷூ லேஸைப் பிடித்து இழுத்தது.
நான் பின்வாங்கினேன்.
அஞ்செட்டிச் சாலையில் யானைக்குப் பின்வாங்கியிருக்கிறேன்,
பயத்தில்.
குருவிக்கு அதுதான் முதல் தடவை.

படகேறும் முன்
வாளித் தண்ணீரில் ஷூவைத் தேய்க்கச் சொன்னார்கள்.
ஒரு தீவின் விதை மறு தீவுக்குப் போகக் கூடாதாம்.
விமான நிலையத்தில் பையைக் கவிழ்த்துக் கேட்டார்கள்:
சிப்பி? கல்? மணல்?
இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

வெளியே ஹாரன்.
மேடையில் ஏறுகிறது திம்மராயன் லாரி.
சங்கிலிக்குள் ஒரே கல்,
செவ்வூதா அலை ஓடிய கல்.
கப்பலேறும் இடத்தில் இதற்கு வைத்த பெயருக்கு
சொர்க்கம் என்று அர்த்தம்.
ஓரத்தில் துளைபோட்ட வரிசை,
சிவப்பு மையில் 417.
முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோ.
இன்றிரவு ஒன்பதாவது வண்டி.
அது இருந்த குன்றுக்கு
தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று
என்று மூன்று பெயர்.
என் பதிவேட்டில் அது குவாரி 3.

"எப்படி இருந்துச்சு தீவு? போட்டோ காட்டு."
ஜன்னலில் கையூன்றி ஒவ்வொன்றாய்த் தள்ளினான்.
ஆமையிடம் நின்றான். பெரிதாக்கினான்.
"எத்தன கிலோ வரும்?"
இருநூற்றைம்பது.
"தூக்கிட்டு வந்திருக்கலாம்."
சிரித்துக்கொண்டே ரசீதை மடித்துப் பையில் வைத்து
வாணியம்பாடி வழியாகத்
துறைமுகத்துக்குப் போனான்.

மேடை பூஜ்யத்துக்கு வந்தது.
குண்டூசியால் மணலை நிமிண்டியெடுத்து
மேடையின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.
சிவப்பு எண் அசையவில்லை.
நாய் ஒன்று எழுந்து பார்த்துப் படுத்துக்கொண்டது.

மணலை உறையில் போட்டு ஒட்டினேன்.
மார்த்தா, படகுத்துறை என்று மட்டும் எழுதினேன்,
வேறு விலாசம் தெரியாது.
பழக்கதோஷத்தில் ரசீதும் ஒன்று கிழித்தேன்.
வண்டி எண்: இல்லை.
சரக்கு: மணல்.
எடை
என்ற இடத்தில் பேனா நின்றபோது
பத்தாவது வண்டியின் விளக்கு
கண்ணில் அடித்தது.