இரண்டு ஐம்பத்திரண்டு

ரியேகாவில் புரா வீசும் நாட்களில்
ஓடுகள் பறக்காமலிருக்கக் கூரைமேல் கல் வைப்பார்கள்.
த்விர்த்கோ பிளாஜினா, நாற்பத்தாறு வயது,
தீவுப் படகில் வடம் பிடிப்பவர்,
பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்கு
ஆறாவது கல்லை ஏற்றும்போது விழுந்தார்.
ஐந்து கல் அப்படியே இருக்கிறது என்றாள் ஜாகொதா.
கூரைக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.

அது செவ்வாய்.

வியாழன் காலை முதல் சோதனை,
மதியம் இரண்டாவது.
பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டேன்.
இமை சும்மா இருந்தது.
காதுக்குள் ஐம்பது மில்லி பனிநீர் செலுத்தினேன்,
செவிலியர் குளிர்பெட்டியில்
யாரோ பெயரெழுதி வைத்த தயிருக்குப் பக்கத்திலிருந்து எடுத்தது.
தண்டு கொஞ்சம் மிச்சமிருந்தாலும்
கண்கள் குளிர் வந்த பக்கம் ஒதுங்கும்.
இவை விட்டத்தைப் பார்த்தபடியே கிடந்தன.

பிறகு இயந்திரக் குழாயைக் கழற்றினேன்.
மூச்சு வருமா என்று பார்க்க ஒரே வழி
மூச்சைக் கொடுக்காமல் நிற்பது.
பத்து நிமிடம்.
பதினேழு வருடப் பழக்கம்,
நானும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொள்வேன்,
ஐம்பது நொடியில் தோற்றுப்போவேன்.
ஜன்னலுக்கு வெளியே ஊரைப் பெயர்க்கும் காற்று.
உள்ளே, விரிப்பின் ஒரு மடிப்பும் மாறவில்லை.
துறைமுகம் முழுக்க இரைகிற இதில்
ஒரு கைப்பிடி அவருக்குள் போனால் போதும் என்று
ஏழாவது நிமிடத்தில் நினைத்தேன்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

இரத்தத்தில் கரிவாயு ஏறியது. மார்பு ஏறவில்லை.
இரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்திட்டேன்,
கடைசியில் வழக்கம்போல் ஒரு புள்ளி.
தலையில் புள்ளி விழுந்தால்
உயிர்மெய்யில் மிஞ்சுவது மெய்.

ஜாகொதா நகரப் பேருந்தில் பயணச்சீட்டு பரிசோதிப்பவள்.
பொய்யை முகம் பார்த்தே பிடிப்பாளாம்.
என் முகத்தைப் பார்த்தாள்.
"இவன் கால் எப்பவும் ஐஸ் மாதிரி இருக்கும்.
கட்டில்ல தெரியாம பட்டாலே அலறுவேன்.
இப்ப சூடா இருக்கு.
செத்தவனுக்குக் கால் சூடாகுமா?"

போர்வைக்குள் வெப்பக்காற்று ஓடுகிறது என்றேன்.
இயந்திரம் ஊதுகிறது, இதயம் தானாக அடிக்கிறது,
மூளைக்கு மட்டும் இரத்தம் போகவில்லை என்றேன்.
அத்தனையும் உண்மை. எதுவும் பதில் இல்லை.
அவள் பாதத்தை விடவில்லை.

எங்கள் சட்டப்படி கேட்க வேண்டியதில்லை.
கேட்காமல் எடுத்தவர் இந்த மாடியில் யாருமில்லை.
கேட்டேன்.
"கேட்டா குடுத்துருவான்.
எங்க டிரில்லிங் மெஷினே மூணு வருஷமா எதிர்வீட்லதான் இருக்கு."
கொஞ்சம் கழித்து,
"இதயத்தையுமா?"
"இதயத்தையும்."

இரவு பதினொன்று. ஸாக்ரெப்பில் ஹெலிகாப்டர் எழவில்லை.
காரில் கிளம்பிய குழுவுக்குமுன் புரா சாலையை மூடியது.
சுரங்கப்பாதை வாயில் நின்றபடி
மூன்று முறை அழைத்தார்கள்.
எங்கோ ஒரு மேசையில் மார்பு மழிக்கப்பட்டு
ஒருவர் காத்திருந்திருப்பார்.
பெயர் எனக்குத் தெரியக் கூடாது.

சிறுநீரகங்கள் இரண்டும் இதே கட்டடத்தில்
இரண்டு மாடி கீழே போயின.
அறுவை அரங்கில் என் வேலைதான் முதலில் முடியும்.
தமனியில் கவ்வி விழுந்ததும் இயந்திரத்தை நிறுத்துவேன்,
மற்றவர்கள் குனிந்திருக்க நான் மட்டும் வெளியேறுவேன்,
எழுப்ப ஆளில்லாத மயக்க மருத்துவர்.
கால்களில் கம்பளிக் காலுறை இருந்தது,
ஒன்று பச்சை, ஒன்று சாம்பல்.
யாரும் கழற்றவில்லை.

விடியலில் சாலை மூடிய கதையைச் சொன்னேன்.
மன்னிப்புக்கு வாயெடுத்தேன்.
"அப்ப அது அவன்கூடவே வருதா?"
"ஆமாம்."
அவள் முகத்தில் வந்து போனதற்கு
என்னிடம் சோதனை கிடையாது.

கிளம்பும்போது திரும்பினாள்.
"கல்லறைக் கல்லுல எந்தக் கிழமையப் போடறது?
செவ்வாயா, வியாழனா, இன்னிக்கா?"
படிவத்தில் இருந்ததைச் சொன்னேன்.
வியாழன், இரண்டு ஐம்பத்திரண்டு, என்று
உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்,
செல்லுமா செல்லாதா என்று
ஒரு சீட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல.