ஏறக்குறைய ஆறு

தூலா. இரவு ஷிப்ட்.
குழாய்க்குள் விளக்கைச் செருகிப் பார்க்கிறேன்.
விமானம் சுடப் பிறந்தது;
உள்ளே மயிரிழைக் கீறல்.
சாக்கட்டியால் குறுக்கே கோடிழுத்துத் தள்ளினேன்.

தள்ளியதை இப்போது உருக்குவதில்லை.
அறுத்துக் குட்டையாக்கி, கட்டை பூட்டி
வேட்டைத் துப்பாக்கி போலச் செய்கிறார்கள்.
"என்ன எண்?"
"ஆறு, ஏறக்குறைய" என்றான் லவ்ரென்தி.
"பன்னிரண்டைவிடச் சின்னதா?"
சிரித்தான்.

"ஒரு பவுண்டு ஈயத்தைப்
பன்னிரண்டு சம உருண்டையாக்கு.
ஒன்று சரியாக நுழையும் வாய், பன்னிரண்டாம் எண்.
ஆறே உருண்டை என்றால்
வாய் எவ்வளவு திறக்க வேண்டும், பார்.
ஆள் குறைந்தால் பங்கு பெருக்கும், அவ்வளவுதான்."

கூப்பன் வெண்ணெயை
ஏழாக வெட்டிக்கொண்டிருந்தேன், மார்ச் வரை.
யெஃபிமை இழுத்துப்போன மறுநாள் ஆறு.
அவன் பெண்டாட்டி தன் துண்டைப் பார்த்தாள்,
பெரிதாக இருக்கிறது என்றாள்,
தொடவில்லை.

"யாருக்குப் போகிறது இது?"
லவ்ரென்தி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.
"சிறைகளுக்கு. கைதிகள் கலகம் செய்தால்."

அடுத்த குழாய் வந்தது.
விளக்கைச் செருகினேன்.
கீறல்; முன்னதைவிட நீளம்.

சாக்கட்டியை எடுத்தேன்.
எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு
முத்திரை குத்தினேன்:
வானத்துக்கு.