இரண்டு பேர் சுமை

நாளை இரவு மைனஸ் ஐந்து என்கிறது வானொலி.
திஸா ஆற்றுப் பக்கம் இன்றே மூடுபனி.
வில்மோஷுக்குச் செய்தி அனுப்புகிறேன்:
"அரளி."
வேறு சொல் தேவையில்லை.

விவாகரத்துப் பத்திரத்தில்
கார் அவனுக்கு, வீடு எனக்கு,
கரண்டிகள்கூட எண்ணிப் பிரிந்தன.
முற்றத்து அரளியை யாரும் எழுதவில்லை.
மண்ணும் தொட்டியுமாய் எண்பது கிலோ.
ஒற்றை ஆளாய் அசைக்க முடியாது.

மாலை வருகிறான், அதே கையுறைகளோடு.
தெருவில் காருக்குள் காத்திருக்கிறாள் ஹாய்னல்கா.
எங்கள் ஹங்கேரிய மொழியில் அது ஒரு கொடிப்பூவின் பெயர்.
காலையில் விரியும், நண்பகலில் சுருங்கும்,
முதல் உறைபனியோடு சரி.
அதை யாரும் உள்ளே தூக்கி வைப்பதில்லை.
(சொல்லவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.)

குடையை மடக்குவதுபோல்
கிளைகளைச் சேர்த்துச் சணல்கயிற்றால் கட்டுகிறோம்.
"உன் பக்கம் தாழ்த்து."
"படி."
"தெரியும்."
பதினொரு படிகள். ஏழாவது உடைந்தது.
அவன் பின்புறமாக இறங்குகிறான்,
அவன் காலுக்கு என் கண்.
ஆறு வருடங்களாக
எங்களுக்குள் பேச்சு என்பது இந்தப் பதினொரு படிகள்தான்,
மே மாதத்தில் ஏறும்போது இன்னொரு பதினொன்று.

நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைக்கும்
சின்னச் சன்னலுக்கும் நடுவே அதன் இடம்.
ஐந்து டிகிரி, மிஞ்சினால் எட்டு.
கதகதப்பாய் வைத்தால்
வசந்தம் என்று நம்பி வெளிறிய தளிர்விட்டு ஏமாறும்.
மூன்று வாரத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர்.
இலையடியில் செதில்பூச்சி ஒட்டியிருக்கிறது.
சோப்புநீரில் கொஞ்சம் பிளம் சாராயம் கலந்து துடைக்கிறோம்.
மிச்சம், ஆளுக்கு ஒரு வாய்.

கத்திரியை எடுக்கிறேன்,
நுனியில் காய்ந்து கறுத்த பூங்கொத்தை நறுக்க.
"விடு அதை. அடுத்த வருடப் பூ
அந்தக் காம்பிலிருந்துதான் வரும்."
தெரியும்.
அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்.
இருந்தும் கத்திரி என் கையில்.

ஒடிந்த இடத்தில் பிசுபிசுக்கும், விஷம்.
சமையலறைக் குழாயில் கை கழுவுகிறான்,
பார்க்காமலே துண்டுக்குக் கை நீட்டுகிறான்.
அங்கே இல்லை. இடம் மாற்றிவிட்டேன்.
சட்டையில் துடைத்துக்கொள்கிறான்.

வெளியே ஹார்ன். ஒரே முறை, மரியாதையாக.

"முதுகு முன்போல இல்லை" என்கிறான்.
"வேரைக் கொஞ்சம் வெட்டிச் சின்னத் தொட்டிக்கு மாற்றலாமே."

மாற்றலாம்.
மூன்றில் ஒரு பங்கு வேர் போனால்
தள்ளுவண்டியில் நானே ஏற்றிவிடுவேன்.
நாற்பது சென்டிமீட்டர் தொட்டி ஒன்றைப்
போன மாதமே வாங்கிவிட்டேன்,
கொட்டகையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

"மே மாதம் பார்க்கலாம்" என்கிறேன்.