இருநூற்றுப் பதினான்கு

எபேன், ஒன்பதாம் மாடி.
அந்தத் தீக்கொழுந்துக்கு நிறம் தேர்ந்தவள் நான்தான்.

சர்க்கரை அளந்து பதிந்தால் எரியும்.
மறுநாளும் பதிந்தால் ஒரு விரல் உயரும்.
ஒரே ஒரு நாள் தவறினால்
சாம்பல். பூஜ்யம்.
சாம்பலுக்கு மட்டும் மூன்று கூட்டம் போட்டோம்.
'கொஞ்சம் வலிக்கட்டும், அப்போதுதான் வருவார்கள்'
என்றார் ழெரார்.
வலிக்கும்படி வரைந்தேன். கைதட்டினார்கள்.

பிப்ரவரியில் புயல்.
மூன்றாம் எண் எச்சரிக்கை, மெட்ரோ நின்றது,
ரோஸ்பெல் பக்கம் நான்கு நாள் இருட்டு.
ஐந்தாம் நாள் உதவிப் பெட்டியில்
மதாம் வெல்விந்த்ரோன், கிரியோலில்:

மன்னிக்கவும். போன் செத்துவிட்டது.
மருந்துப் புட்டியை ஈரத்துணி சுற்றி வாளியில் வைத்தேன்.
ஊசியை விடவில்லை. தினமும் அளந்தேன்,
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்.
என் இருநூற்றுப் பதினான்கு நாளைத்
திருப்பித் தருவீர்களா?

கூடவே ஒரு படம்:
மின்கட்டண ரசீதின் முதுகில்
7.1
6.8
9.4, பக்கத்தில் சின்னதாக 'பிஸ்கட்'
7.0

உடம்பைக் காத்துக்கொண்ட ஒருத்தி
அதற்காக
என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

கையால் அவருடைய நாள்களைத் திருப்பி வைத்தேன்.
பிறகு தீயை அணைத்தேன், எல்லோருக்கும்.

என் மொழியில் யாரையும் 'போ' என்று அனுப்புவதில்லை.
போய் வா என்போம்.
நான் செய்த பொருளுக்கோ
பாதிதான் பேசத் தெரிந்திருந்தது:
வா, வா,
நள்ளிரவிலும், பேருந்திலும், சாவு வீட்டிலும்
வா.
மறந்த பாதியைக் கிரியோலில் எப்படி எழுதுவது?
பதினேழு வாக்கியம் எழுதி அழித்தேன்.
கடைசியில் சொல்லே வைக்கவில்லை.
எண்ணை வாங்கியதும்
திரை தானே மங்குகிறது,
வாசல்வரை வந்து நிற்பவரைப் போல.
தவறிய நாளுக்கு வெறும் வெள்ளைக் கட்டம்.
எது யாருடைய எண் என்று
எங்களுக்கே தெரியாதபடியும் செய்துவிட்டோம்.

மதாம் மறுபடி எழுதினார், கோபமாக:
தீ எங்கே? அழகாக இருந்ததே.

அவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

நான்கு நிமிடம் இருந்தது பதினோரு நொடியாகச் சரிந்த
வரைபடத்தை ழெரார் சுவரில் காட்டினார்.
யாரோ இருமினார்கள்.
அந்த மிச்ச நிமிடங்கள் எங்கே போயின என்று கேட்டார்.
தெரியாது என்றேன்.
தெரியாமல் இருப்பதற்குத்தானே
இவ்வளவு நாள் வேலை செய்தேன்.

ஞாயிறு காலை
ஒரு 9.4 வந்தது.
யாருடையதோ.
பிஸ்கட்டாக இருக்கும்.